சீ ட்ரைவில் இடம் போதாது

ஞாயிறு எட்டிலிருந்து ஐந்து மட்டும்
கொக்குவில் பக்கம் கரண்ட் இல்லையாம்,
பேப்பரில் போட்டிருக்கு.
ஆகவே சனி இரவு,
பன்னிரண்டு தாண்டி
டேட்டா மலிகிற நேரத்தில் தொடங்கவேணும்.

கபிலதாசன் குரற்பதிவில் சொல்கிறான்:
"அக்கா, முதல் எல்லாத்தையும் வெளியாலை எடுத்து வையுங்கோ,
வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரித்தான்.
சீ ட்ரைவிலை இருவது ஜீபி காலியா வேணும்.
யூபிஎஸ்ஸை நம்பாதேங்கோ."

யூபிஎஸ் நாலு நிமிசம் தாங்கும்.
நாலு நிமிசத்தில் எனக்கு ஏலுமானது
ஒருக்கால் சேவ் பண்ணுவதும்
ஒருக்கால் ஏசுவதும்.

காலியாய் இருப்பது பதினொன்று.

மகன் விட்டுப்போன கார்ப் பந்தயம், போகட்டும்.
மச்சாளின் கலியாண வீடியோ
மூன்று இடத்தில் மூன்று பெயரில்;
இரண்டு மச்சாள்மாரை அழித்தேன்.
பதினேழு.

மிச்சம் என் தொழில்.
பன்னிரண்டு வருசமாய்
முப்பத்தோராம் நாளுக்கு முன்னம்
இந்த மேசையில் ரைப் பண்ணி முடித்த கல்வெட்டுகள்.
மரகதவல்லி ரீச்சர் கடைசி.
மரகதவல்லி ரீச்சர் கடைசி இரண்டு.
மரகதவல்லி ரீச்சர் உண்மையாய்க் கடைசி.
இரண்டாவதில் ஒரு மருமகளின் பெயர் விடுபட்டு
இருநூறு பிரதி திரும்பி வந்தது.
அச்சுக்குப் போனது எதுவென்று
திறந்து பாராமல் அழிக்கப் பயம்.
திறந்தால் வாசிக்கிறேன்.
வாசித்தால் நேரம் போகிறது.

பிறகு எழுத்துரு.
எல்லாம் பாமினியில் அடித்தது.
பாமினி இல்லாத கணினியில்
அம்மா என்பது
எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.
ஆகவே எழுத்துருவைத்தான் முதலில் எடுத்துவைத்தேன்,
பென்ட்ரைவில் ஒன்று,
சின்னத் தகட்டில் ஒன்று,
எனக்கே மின்னஞ்சலில் ஒன்று.

ஒரு கோப்புக்கு மட்டும் இன்னும் ஆள் சாகவில்லை.
தாவடி அருளையா, இளைப்பாறிய தபாலதிபர்.
எட்டு வருசத்துக்கு முதல்
கையெழுத்துப் பிரதியோடு வந்து
அட்வான்ஸும் தந்தவர்.
"பிள்ளையள் வெளியிலை.
அவசரத்திலை பிழை விடுவினம்" என்றார்.
அன்றிலிருந்து மாசிக்கு மாசி திருத்தத்தோடு வருகிறார்.
தேவாரத்தில் மூன்றாம் வரியில் ஒற்று இல்லை.
ஒஸ்லோவில் ஒரு பூட்டி பிறந்திருக்கு.
வம்சவிருட்சத்தில் அவளுக்கு ஒரு பெட்டி போட
மற்றப் பெட்டிகள் எல்லாம்
பஸ்ஸில் தள்ளி இருப்பதுபோல் தள்ளி இருக்கவேணும்.
'மறைவு' என்பதற்கு எதிரே
ஒரு கோடு மட்டும்.
அதை நீட்டு, குறைக்காதே என்றும் சொல்லியிருக்கிறார்,
மாதப் பெயர் நீளமாய் இருந்தாலும் கொள்ளவேணுமாம்.

அவரை மூன்று இடத்தில் பிரதி எடுத்தேன்.
ஆறே ஆறு எம்பி.

இருபது ஆக்க ஒன்றரை ஜீபி குறைய,
நான் போன வருசம் பழகத் தொடங்கி விட்ட
நோர்வே மொழிப் பாடங்களைத் தூக்கினேன்.
அதைப் பற்றி இப்போது கதைக்க விருப்பமில்லை.

பன்னிரண்டு ஐந்து. அழுத்தினேன்.
முப்பத்துநாலு வீதத்தில்
மின்விசிறி ஒருமுறை தயங்கியது.
நானும் தயங்கினேன்.
யூபிஎஸ் ஒருக்கால் கூவி
தன் பாட்டில் அடங்கியது.
ஒழுங்கைக்குள் ஒரு நாய்க்கு
யாரோ வருவதாய்ப் பட்டது.
எழுபதில் தேத்தண்ணி வைத்தேன்.
எழுபத்தொன்றில் அது ஆறியது.

மூன்று நாற்பதுக்கு நீலத்திரை சொல்கிறது:
எல்லாம் நீங்கள் விட்ட இடத்திலேயே இருக்கிறது.

பெரிய வாக்கு.
இவ்வளவு கல்வெட்டு அடித்தும்
ஒன்றிலும் நான் எழுதத் துணியாதது.

சோதிக்க அருளையாவைத் திறந்தேன்.
எம், கே, அரைப்புள்ளி.
பென்ட்ரைவைச் செருகி எழுத்துருவை ஏற்ற,
அரைப்புள்ளிகள் புள்ளியாகி மேலே ஏறின,
தபாலதிபர் தமிழுக்கு வந்தார்.
ஒஸ்லோப் பெட்டி இருக்கிறது.
கோடு இருக்கிறது, நீளமாய்,
வெறுமையாய்.

பிறின்ரரைத்தான்
ஆரென்று கேட்குது.